கதவோர வரிசை

வாழைக்காய் பழுத்துவிட்டதே என்று உலகத்தில் யாராவது அழுவார்களா? எங்கள் பேக் ஹவுஸில் அழுதார்கள். பழுத்தது துபாயில். அழுதது ஜீயபுரத்தில். அழுதவள் பெயர் மலர்க்கொடி.

என் பெயர் கலைமதி. கரூர் ரோட்டில் ஜீயபுரம் பக்கம் இருக்கும் அந்தப் பேக் ஹவுஸில் காயின் தரம் பார்ப்பது என் வேலை. தோட்டத்திலிருந்து வருகிற தாரைச் சீப்புச் சீப்பாக அறுத்து, படிகாரத் தண்ணீரில் பால் போகக் கழுவி, உலர்த்தி, அட்டைப்பெட்டியில் அடுக்கி அனுப்புவோம். அதுவரைக்கும் சென்னை, பெங்களூரு என்று லாரியில் போய்க்கொண்டிருந்த எங்கள் சரக்கு இந்த வருஷம்தான் முதல் முறையாகக் கடல் தாண்டியது. தூத்துக்குடி வரை ரோட்டில், அங்கிருந்து கப்பலில். அதற்காக ஒரு குளிர் கன்டெய்னர் வந்தது. ரீஃபர் என்பார்கள்.

அது வந்த அன்று நான் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். புதிதாக ஒன்றைப் பார்த்துவிட்டால் என்னை அந்த இடத்திலிருந்து யாராலும் கிளப்ப முடியாது. என் வீட்டுக்காரரைக் கேட்டால் ஒரு பாட்டம் புலம்புவார். ஒரு முனையில் சுவர் முழுக்க இயந்திரம், மறுமுனையில் கதவு. தரை சமமாக இல்லை, நீளவாக்கில் பள்ளம் பள்ளமாக இருந்தது. ஏன் என்று டிரைவரைக் கேட்டேன், இயந்திரம் பார்க்க வந்தவரைக் கேட்டேன், கடைசியில் உள்ளே போய்க் குனிந்து கையை வைத்தே பார்த்தேன். குளிர்காற்று மேலேயிருந்து வருவதில்லை. தரைப் பள்ளங்கள் வழியாகக் கதவுவரை ஓடி, பெட்டிகளுக்குள் புகுந்து மேலே ஏறி, கூரையோரமாக இயந்திரத்துக்குத் திரும்பிப் போகிறது.

அதனால் கதவோரத்தில் பெட்டி இல்லாமல் மிச்சம் கிடக்கும் தரையை அட்டை போட்டு மூடிவிட வேண்டும். இல்லாவிட்டால் சோம்பேறிக் காற்று அந்தச் சந்து வழியாகவே மேலே போய்விடும், பெட்டிக்குள் நுழையாது. நானே நின்று அட்டை போட வைத்தேன். போட்ட பிறகு அந்த மூலையில் காற்றே அசையவில்லை.

“உள்ள எவ்வளவு குளிர் வைப்பாங்க மேடம்? ஐஸ் மாதிரியா?” என்று வீராயி கேட்டாள். அவளும் மலர்க்கொடி மாதிரி பெட்டி அடுக்குகிறவள்தான்.

“ஐஸ் வச்சா கறுத்துப்போயிடும். வீட்டு ஃபிரிட்ஜில வாழைப்பழம் வச்சுப் பாத்ததில்ல? பதிமூணரை டிகிரி. அதுக்குக் கீழயும் கூடாது, மேலயும் கூடாது. காய் தூங்கிக்கிட்டே போகணும்.”

“துபாய் வரைக்குமா தூங்கும்?”

“யாரும் எழுப்பாம இருந்தா தூங்கும்.”

காயை எழுப்புவது பழம். பழுத்த பழத்திலிருந்து எத்திலீன் என்று ஒரு வாயு வரும்; அது பட்டால் பக்கத்துக் காயும் பழுக்க ஆரம்பித்துவிடும். அரிசிப் பானைக்குள் காயோடு ஒரு பழத்தையும் போட்டு மூடி வைக்கிறோமே, அதே சங்கதி. இதை நான் சொல்லித்தான் அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. ஆனாலும் தினமும் சொன்னேன். ஒரு பழம்கூட, ஒரே ஒரு விரல் பழம்கூட உள்ளே போகக் கூடாது. ஆளாளுக்கு ஒவ்வொரு சீப்பையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துத்தான் பெட்டியில் வைத்தார்கள். யார் அடுக்கிய பெட்டி என்று தெரிய வேண்டும் என்பதற்காக அவரவர் நம்பர் போட்ட ஸ்டிக்கரைப் பெட்டியில் ஒட்டவும் ஏற்பாடு செய்தேன். ஸ்டிக்கர் பக்கம் எப்போதும் கதவைப் பார்த்திருக்கும்படி ஏற்றச் சொன்னேன்.

வண்டி கிளம்பின அன்று முதலாளி முருகானந்தம் பேன்ட் சட்டையை விட்டுவிட்டுப் பட்டுக்கரை வேட்டியில் வந்தார். திருவானைக்காவலில் அகிலாண்டேஸ்வரிக்கு அர்ச்சனை செய்துவிட்டு நேராக வந்திருந்தார். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. பூசணிக்காய் சுற்றி உடைத்தாயிற்று. கற்பூரம் காட்டினார். அர்ச்சனைத் தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய்க் கதவுக்குள் வைத்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு இறங்கினார். எல்லோரும் கும்பிட்டோம். கதவைச் சாத்தி சீல் வைத்தார்கள். அப்புறம் சர்க்கரைப் பொங்கல். மலர்க்கொடி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

இரண்டு வாரத்துக்கு மேல் கழித்துத் துபாயிலிருந்து ஒரு படம் வந்தது. அனுப்பியவன் ஜைத். பாலக்கரைப் பையன், அங்கே சரக்கு இறக்குகிற கிடங்கில் மேற்பார்வை பார்க்கிறான். கன்டெய்னரைத் திறந்து, பெட்டிகளை இறக்குவதற்கு முன்னால் எடுத்த படம். கதவோர வரிசைப் பெட்டிகளில், கை வைத்துத் தூக்குவதற்கு விட்ட துளைகள் வழியாக மஞ்சள் தெரிந்தது.

உள்ளே இருந்த பெட்டியெல்லாம் பச்சைதான். ஆனால் வாங்குகிறவர் கண்ணுக்கு முதலில் படுவது கதவோரம். இன்னும் ஒரு கன்டெய்னர் பார்க்கிறேன், அதுவும் இப்படி வந்தால் உங்கள் சங்காத்தமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார் அவர். எங்கள் முதலாளி படத்தைப் பெரிதாக்கினார். பளிச்சென்று மஞ்சளாக இருந்த பெட்டியின் ஸ்டிக்கரில் நான்கு என்று இருந்தது. நான்கு மலர்க்கொடியின் நம்பர்.

கழுவுகிற தொட்டிப் பக்கம் எல்லோரும் நின்றிருக்கும்போதுதான் கத்தினார்.

“காய்க்கும் பழத்துக்கும் வித்தியாசம் தெரியாதவளுக்கு இங்க என்னம்மா வேலை? ஒரு சீப்பு பழத்த உள்ள வச்சு வரிசையையே கெடுத்திருக்க. ஊரெல்லாம் சொல்லிட்டு அனுப்பினேன், இப்ப எவன் மூஞ்சில முழிக்கிறது? நாளையிலேருந்து வராத.”

“நான் வைக்கலீங்க மொதலாளி. விரல் வச்சுப் பாக்காம ஒரு சீப்பு வச்சதில்லீங்க.”

“அப்ப ஸ்டிக்கர் பொய் சொல்லுதா?”

மலர்க்கொடி என்னைப் பார்த்தாள். ஸ்டிக்கர் என்னுடைய ஏற்பாடு. அவள் பிளாஸ்டிக் ஏப்ரனை அவிழ்த்துத் தொட்டி விளிம்பில் போட்டுவிட்டு, வாய்விட்டு அழுதுகொண்டே வாசலுக்குப் போனாள். முக்கொம்புக்குச் சுற்றுலா போகிற வேன் ஒன்று பாட்டுப் போட்டுக்கொண்டு அவளைத் தாண்டிப் போனது.

முதலாளி கெட்டவர் இல்லை. பெண்களுக்கு வேனா, தீபாவளிக்குச் சேலையா, எதிலும் தாராளம். ஆனால் வாய் முந்திக்கொள்ளும். இந்த வட்டாரத்துப் பேக் ஹவுஸ்காரர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. சாயங்காலத்துக்குள் நான்காம் நம்பர் கதை அதில் ஏறிவிட்டது. இனி வாழைக்காய் அடுக்குகிற வேலை அவளுக்கு எங்கேயும் கிடையாது. அவளுக்குத் தெரிந்ததும் பிடித்ததும் அந்த ஒரு வேலைதான்.

எனக்கு மண்டை குடைந்தது. கதவோரப் பெட்டியில் வெப்பநிலை பதிகிற கருவி ஒன்றையும் வைத்து அனுப்பியிருந்தேன். பதின்மூன்றரையை விட்டு அது அசையவே இல்லை. ஆகவே சூடு பட்டுப் பழுக்கவில்லை. மலர்க்கொடியின் விரலை நான் தினமும் பார்க்கிறவள். அதுவும் தப்புப் பண்ணாது. அப்படியென்றால் அங்கே என்னதான் நடந்தது? கோபத்தைவிட அந்தக் கேள்விதான் என்னைப் பிடுங்கித் தின்றது.

மறுநாள் ஜைத்தை வீடியோவில் கூப்பிட்டேன்.

“சொல்லுங்கக்கா. சரக்கு இன்னும் இங்கதான் கெடக்கு.”

“போன எடுத்துக்கிட்டு பெட்டிப் பக்கம் போ தம்பி. மஞ்சப் பெட்டில எல்லாம் நாலுதான் ஒட்டியிருக்கா?”

அவன் நடந்து நடந்து வாசித்தான். நான்கு இருந்தது. இரண்டு இருந்தது. ஆறும் இருந்தது. கடைசியாக ஏற்றியதில் மலர்க்கொடி பெட்டி கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

“உள்பக்கத்துலேருந்து எறக்கினதுல நாலாம் நம்பர் இருக்கா பாரு.”

“இருக்குக்கா. தொறக்கிறேன். மாஷா அல்லாஹ், கிளிப்பச்சையா இருக்கு!”

இதை முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் அசரவில்லை. “ஒரு பழம் இருந்தா பக்கத்துப் பெட்டியெல்லாம் பழுக்கும்னு நீதானம்மா பாடம் நடத்தின? அவ ஒரு பெட்டில வச்சா, பக்கத்துல இருக்கிறவளோடதும் சேந்து பழுத்திருக்கும்” என்றார். அதில் நியாயம் இருந்தது. நியாயம் இருந்ததுதான் எனக்கு எரிச்சல்.

அப்படி ஒரு பெட்டிக்குள்ளிருந்து கிளம்பியிருந்தால், மஞ்சள் அந்தப் பெட்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் பரவியிருக்க வேண்டும். மறுபடி ஜைத்தைக் கூப்பிட்டு, மஞ்சள் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டச் சொன்னேன். பாவம், சாப்பிடப் போகிற நேரம் அவனுக்கு. முணுமுணுத்துக்கொண்டே திறந்தவன் மூன்றாவது பெட்டியில் குரல் மாறினான்.

“அக்கா, இது வேடிக்கையா இருக்கு. ஸ்டிக்கர் ஒட்டின பக்கம் நல்ல மஞ்சள். பின்பக்கம் போகப் போகப் பச்சை. எல்லாப் பெட்டிலயும் அப்படித்தான் இருக்கு.”

“மேல இருந்த பெட்டியா, கீழ இருந்த பெட்டியா, எதுல ஜாஸ்தி?”

“கீழ. தரையோட இருந்ததுதான் ரொம்பப் பழுத்திருக்கு.”

ஸ்டிக்கர் பக்கம் என்றால் கதவுப் பக்கம். பழம் எந்தப் பெட்டிக்குள்ளும் இல்லை. பெட்டிகளுக்கும் கதவுக்கும் நடுவில், தரையில், நான் அட்டை போட்டுக் காற்றை நிறுத்திய அந்த மூலையில் ஏதோ இருந்திருக்கிறது. அது அத்தனை பெட்டிகளையும் பார்த்து மூச்சு விட்டுக்கொண்டே கடல் தாண்டியிருக்கிறது.

“அங்க கதவோரத்துல என்ன கெடந்துச்சு ஜைத்?”

“நான் வர்றதுக்குள்ள லேபருங்க கூட்டித் தள்ளிட்டாங்கக்கா. கூட்டின ஆளு நைட் ஷிஃப்ட். கேட்டுட்டு வாய்ஸ் போடறேன், இன்ஷா அல்லாஹ்.”

எனக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. சாயங்காலம் டவுனுக்குப் போய் ஒன்றாம் நம்பர் பஸ் மாறி ஸ்ரீரங்கம் போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து மேலூரில் மலர்க்கொடி வீட்டுக்குப் போனேன். சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது வெங்காயத்தாலா வேறெதனாலா என்று நான் கேட்கவில்லை.

“ஆட்டோல ஏறினா மத்த பேக் ஹவுஸ்காரிங்க நாலாம் நம்பர்னு கூப்பிடறாளுங்க மேடம்” என்றாள். “என் பேரையே மறந்துட்டாளுங்க.”

“அத விடு. நல்லா யோசிச்சுச் சொல்லு. கதவுக்கும் பெட்டிக்கும் நடுவுல என்ன இருந்துச்சு?”

“அட்டை.”

“அட்டைக்கு மேல?”

“ஒண்ணுமில்லையே.”

“கூடை? யாராவது சாப்பாட்டு மிச்சத்த வச்சாங்களா?”

“சாத்தற வரைக்கும் நான் அங்கயேதான நின்னேன். ஒண்ணும் இல்ல மேடம். சாமி கும்பிட்டோம், சாத்தினாங்க.”

நானும்தான் அங்கேயே நின்றேன். எனக்கும் ஒன்றும் இருந்ததாக ஞாபகம் வரவில்லை. இரண்டு பேரும் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். காபி போட்டுக் கொடுத்தாள். பாதி குடிக்கும்போது ஜைத்தின் குரல் வந்தது. சத்தமாக வைத்தேன்.

“அக்கா, ஆளப் பிடிச்சுக் கேட்டேன். அட்டை மேல ஒரு பாக்குமட்டைத் தட்டு இருந்துச்சாம். காஞ்ச பூவு, தேங்காமூடி, அப்புறம் கறுப்பா கொழகொழன்னு நெறைய வாழைப்பழத் தோலு மாதிரி இருந்துச்சாம். நாத்தம் தாங்காம கவர்ல போட்டுக் கட்டி வீசிட்டானாம். பூசை ஏதும் போட்டீங்களா?”

மலர்க்கொடி வாயில் கையை வைத்துக்கொண்டாள். “அம்மன் தட்டு!”

தட்டு நிறையப் பூவன் பழம். முதலாளிதான் எதிலும் தாராளமாயிற்றே. அவ்வளவு பேர் நின்றோம். வாரக்கணக்கில் பழம், பழம் என்று தேடிப் பழகின கண்கள். அவர் ஏந்திக்கொண்டு போனதைப் பார்த்தோம், கும்பிட்டோம், பழம் என்று மட்டும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அது பிரசாதம். பழத்தைச் சாமிக்குக் காட்டிய பிறகு எங்கள் கண்ணுக்கு அது பழமாகவே இல்லை. எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

“சிரிக்காதீங்க மேடம்” என்றாள் மலர்க்கொடி. அவள் முகம் வெளுத்திருந்தது. “இத மொதலாளிகிட்ட சொல்லவே சொல்லாதீங்க. அம்மன் பிரசாதத்தால சரக்கு கெட்டுச்சுன்னு வாயால சொன்னாலே சாமி குத்தம். என் பேருதானே, போனாப் போயிட்டுப் போகுது.”

இப்போது எனக்குக் கோபம் வந்தது. “உன் பேரு எதுக்குடி போகணும்? நான் அம்மன் மேல பழி போடல. பக்கத்துல இருக்கிறதப் பழுக்க வைக்கிறது பழத்தோட வேலை. சன்னதிக்குப் போயிட்டு வந்தா அது தன் வேலைய விட்டுடுமா?”

“விடாதுதான்” என்றாள். அப்புறம் அவளும் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்க ஆரம்பித்தாள்.

முதலாளியிடம் சொன்னால் நம்பமாட்டார், கோபித்துக்கொள்வார். ஆகவே சொல்லாமல் காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். எங்கள் கோல்டு ரூமில் அதே பதின்மூன்றரை டிகிரி. இரண்டு மூலைகளில் அன்று அடுக்கிய பச்சைப் பெட்டிகளை, ஸ்டிக்கர் வெளியே தெரிகிற மாதிரி வைத்தேன். இரண்டுக்கும் முன்னால் அட்டை போட்டேன். நான் குடியிருப்பது திருவானைக்காவலில்தான். காலையில் அகிலாண்டேஸ்வரிக்கு அர்ச்சனை செய்து, அதே மாதிரி பாக்குமட்டைத் தட்டில் தேங்காய், பூ, நிறையப் பூவன் பழம் எடுத்துப் போய் ஒரு மூலையில் மட்டும் வைத்தேன். இரண்டு மூலைகளையும் பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடினேன். வீராயியிடம் மட்டும், யாரும் தொடாமல் பார்த்துக்கொள் என்றேன்.

தினமும் வந்தவுடன் முதல் வேலை ஷீட்டைத் துளி தூக்கி எட்டிப் பார்ப்பது. பச்சை. மறுநாளும் பச்சை. அதற்கு மறுநாளும். அடுத்த கன்டெய்னர் வருகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. முதலாளி குளித்தலைப் பக்கத்திலிருந்து அடுக்குவதற்குப் புது ஆள் பேசிக்கொண்டிருந்தார். நான் நினைத்தது தப்போ, கடலில் வேறு ஏதாவது நடந்திருக்குமோ என்று எனக்கே கலக்கமாகிவிட்டது. மலர்க்கொடி தினமும் போன் போட்டு, “என்ன மேடம், முழிச்சிருச்சா?” என்று கேட்பாள். “இன்னும் இல்ல” என்று சொல்ல நாக்கு கூசும்.

ஒரு காலையில் ஷீட்டைத் தூக்கினால், துளை வழியாகத் தெரிந்த காய் வெளிறியிருந்தது. அதற்கப்புறம் அது நிற்கவில்லை. தட்டைப் பார்த்திருந்த பக்கம் மஞ்சளாகி, பின்பக்கம் பச்சையாகவே இருந்தது. மற்ற மூலையில் அப்படியே கிளிப்பச்சை. நான் கோல்டு ரூமுக்குள் தனியாகக் குதித்தேன். குளிருக்குக் குதிப்பதாக வீராயி நினைத்துக்கொண்டாள்.

முதலாளியைக் கூட்டிவந்து ஷீட்டை எடுத்தேன்.

தட்டைப் பார்த்ததும் அவர் செருப்பைக் கழற்றினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார்.

“அம்மன் தட்டக் கொண்டாந்து இங்க ஏம்மா வச்சிருக்க? பழுத்த பழம் இதுக்குள்ள வரவே கூடாதுன்னு நீதான...”

பாதியில் நின்றுவிட்டார். பெட்டியைப் பார்த்தார். குனிந்து துளைக்குள் விரலை விட்டார். எழுந்து போய் மற்ற மூலையில் இருந்த பெட்டியைப் பார்த்தார். திரும்பி வந்தார். நான் ஜைத்தின் வாய்ஸை மட்டும் போட்டுக் காட்டினேன், வேறெதுவும் சொல்லவில்லை.

“அது பிரசாதம் கலை” என்றார், ரொம்ப மெதுவாக.

“ஆமாங்க சார். அம்மனுக்குப் படைச்சதும் பழம்தானுங்களே.”

“நான்தான வச்சேன்.”

“ஆமாங்க சார்.”

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனவர், ஆபீஸ் வாசலில் நின்று, டீ வாங்கிவரச் சொல்கிற மாதிரி, “அந்த மலர்க்கொடிய வரச் சொல்லிடு” என்றார். அவ்வளவுதான். இருந்தாலும் போன் போட்டேன்.

“நான் வரல மேடம்” என்றாள் மலர்க்கொடி.

“ஏண்டி? வேலை வேணாமா?”

“வேணும். உசுர மாதிரி வேணும். ஆனா திட்டினத அத்தன பேரும் கேட்டாங்க. வரச் சொல்றத மட்டும் உங்க காதுல சொல்லி அனுப்பினா எப்படி? எந்த எடத்துல சொன்னாரோ அந்த எடத்துல நின்னு, அதே சத்தத்துல சொல்லச் சொல்லுங்க. அப்புறம் வரேன்.”

இதை ஒரு எழுத்து மாற்றாமல் முதலாளியிடம் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. “என்னைய மன்னிப்பு கேக்கச் சொல்றியா?” என்றார். “நான் சொல்லல சார், அவ சொல்றா” என்றேன். கார் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த கன்டெய்னர் வந்தது. மலர்க்கொடி இல்லாமலே கழுவி, அடுக்கி, ஏற்றினோம். அவளை வாசல்வரையாவது வா என்று கெஞ்சிக் கூப்பிட்டிருந்தேன். வந்தாள். ஆனால் கேட்டுக்கு வெளியே, ரோட்டோரத்தில், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். உள்ளே ஓர் அடி எடுத்து வைக்கவில்லை.

முதலாளி வேட்டியில் வந்து இறங்கினார். கையில் அர்ச்சனைத் தட்டு. அவளைப் பார்த்தார், பார்க்காத மாதிரி உள்ளே வந்தார். எலுமிச்சம்பழம், பூசணிக்காய், கற்பூரம், எல்லாம் ஆயிற்று. போச்சு, இவ்வளவுதான் என்று நினைத்தேன். அப்போது தட்டை என் கையில் கொடுத்துவிட்டு, கழுவுகிற தொட்டிப் பக்கம் போய் நின்றார். எல்லோரையும் கூப்பிட்டார். தொண்டையைச் செருமினார்.

“போன தடவை சரக்கு பழுத்தது...” என்று ஆரம்பித்தவர், பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்காத குரலில் எதையோ சொல்லி முடித்தார்.

கேட்டுக்கு வெளியேயிருந்து மலர்க்கொடியின் குரல் வந்தது. “கேக்கலீங்க மொதலாளி!”

வீராயி தலையைக் குனிந்துகொண்டாள். நான் முதலாளியின் கழுத்து நரம்பைப் பார்த்தேன். இப்போது வெடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். வெடித்தார்.

“போன தடவை சரக்கப் பழுக்க வச்சது மலர்க்கொடி இல்ல! நான்! நான் வச்ச தட்டுப் பழம்! அவமேல ஒரு தப்பும் இல்ல! போதுமா?”

ரோட்டில் போகிற பஸ்ஸுக்கே கேட்டிருக்கும். மலர்க்கொடி கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். நேராகத் தொட்டிப் பக்கம் போய் அவளுடைய பழைய ஏப்ரனைத் தேடினாள். வீராயி அதைத் துவைத்து மடித்து வைத்திருந்தாள். எடுத்துக் கட்டிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் அன்றைக்கு மாதிரி அழவில்லை. நான்தான் அழுதேன்.

முதலாளி என் கையிலிருந்த தட்டை வாங்கி, பழக்க தோஷத்தில், இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கன்டெய்னரைப் பார்த்து நடந்தார். கதவுக்குக் கிட்டே போனபோது மலர்க்கொடி குறுக்கே வந்தாள். தட்டிலிருந்த பூவன் பழத்தைக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினாள்.

“இது ஏறாதுங்க மொதலாளி. பழுத்திருக்கு.”

அவர் தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். சீப்பிலிருந்து முதல் பழத்தைப் பிய்த்து அவளிடம் நீட்டினார். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உரித்து, அங்கேயே நின்று சாப்பிட்டாள். அப்புறம் எல்லோருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார். டிரைவருக்கும் கொடுத்தார். கடைசியில் ஒன்று மிஞ்சியதை அவரே சாப்பிட்டார்.

“பூ வைக்கலாமா?” என்று என்னைக் கேட்டார்.

எனக்குத் தெரியாது. மல்லிகையும் அந்த வாயுவை விடுமா என்று நான் யோசித்ததே இல்லை. பார்த்துச் சொல்கிறேன் சார் என்றேன். அவர் காத்திருக்கவில்லை. கதவைச் சாத்தச் சொல்லி, தட்டிலிருந்த மல்லிகைச் சரத்தைக் கதவுக்கு வெளியே, தாழ்ப்பாள் கம்பியில் சுற்றிவிட்டார். மலர்க்கொடி சரம் அவிழாமல் இன்னொரு முடிச்சுப் போட்டாள்.

வண்டி கரூர் ரோட்டில் ஏறித் திரும்பியது. நான் கீழே கிடந்த பழத்தோலையெல்லாம் ஒன்றுவிடாமல் பொறுக்கிக்கொண்டு போய், ரோட்டுக்கு அந்தப் பக்கம் கட்டியிருந்த மாட்டுக்குப் போட்டேன். திரும்பி வரும்போது கையில், சரத்திலிருந்து உதிர்ந்த கொஞ்சம் மல்லிகைப் பூ இருந்தது. நேரே கோல்டு ரூமுக்குப் போய், ஒரு பச்சைப் பெட்டிக்கு முன்னால் வைத்து ஷீட் போட்டு மூடினேன்.